கிளையை வெட்டுவதும் வேரை அறுப்பதும்

செடியின் வேண்டாத வளர்ச்சியை வெட்டிச் சீராக்குவதைக் கவாத்து என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் பெரிய அளவில் நடக்கும் இந்த வேலை வீட்டுத் தொட்டியிலும் நடக்கிறது. மனிதன் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கு இதை உவமையாகச் சொல்வது பழைய வழக்கம். புதுவாழ்வு பெற எதையாவது இழந்தே ஆக வேண்டுமா, இழக்க வேண்டியது எது என்னும் இரு கேள்விகள் இந்த உவமையில் அடங்கியிருக்கின்றன.

முதலில் செடியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். தொட்டித் துளசி கதிர்விட்டு விதை முற்றத் தொடங்கினால் இலை சிறுக்கும், தண்டு கட்டைபோல் ஆகும். கதிரை அதற்குக் கீழுள்ள கணுவுக்குச் சற்று மேலே கிள்ளிவிட்டால், அந்தக் கணுவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளின் கக்கங்களிலிருந்தும் தளிர் கிளம்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு கிளைகள் வரும். தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் கீழிறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கிவைப்பதும், நுனி போனதும் அந்தத் தடை விலகுவதுமே இதற்கு முக்கியக் காரணம். 1930-களில் கென்னத் திமன், ஃபோல்கே ஸ்கூக் இருவரும் அவரைக் குடும்பச் செடியொன்றின் நுனியை நீக்கி, அங்கே ஆக்சினை வைத்துப் பார்த்தனர். நுனி இல்லாதபோதும் பக்கமொட்டுகள் அடங்கியே இருந்தன.

ஆகவே, கத்தரி புதிதாக எதையும் படைப்பதில்லை. மொட்டு முன்பே கணுவில் இருக்கிறது. அதை அடக்கிவைத்த ஆதிக்கம்தான் விலகுகிறது. மனித வாழ்விலும் ஒரே நாட்டம், பதவியோ புகழோ, மற்ற ஆற்றல்கள் அனைத்தையும் அமுக்கிவிடக்கூடும். அது குறையும்போது வெளிப்படுபவை புதிதாக வந்தவை அல்ல, உள்ளேயே காத்திருந்தவை.

சமய நூல்கள் இதை இரு வகையாகக் கையாள்கின்றன. யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு திராட்சைக்கொடி, இறைவன் தோட்டக்காரர். காய்க்காத கிளை நீக்கப்படுகிறது. காய்க்கும் கிளையும் மேலும் காய்ப்பதற்காகக் கழிக்கப்படுகிறது. நல்லதும் வெட்டுக்கு உட்படும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பௌத்த நூலான தம்மபதமோ கிளையை வெட்டினால் போதாது என்கிறது. வேர் இருக்கும்வரை வெட்டிய மரம் மீண்டும் துளிர்ப்பதுபோல, வேட்கை இருக்கும்வரை துன்பமும் திரும்பத் திரும்ப வரும். பகவத் கீதையின் 15-ஆம் அத்தியாயம் ஆழ வேரூன்றிய அரசமரமாக உலகவாழ்வைக் காட்டி, அதைப் பற்றின்மை என்னும் ஆயுதத்தால் வெட்டச் சொல்கிறது. திருக்குறளின் 37-ஆம் அதிகாரமான ‘அவா அறுத்தல்’ ஆசையைப் பிறவிக்கு விதையாகக் கொள்கிறது.

கிளையை நறுக்குவது, வேரை அறுப்பது என்னும் இவ்விரு வகைகளும் முரண்பட்டவைபோல் தோன்றினாலும் செடியின் இயல்பு இரண்டுக்கும் இடம் தருகிறது. கவாத்து செய்த செடி அடர்ந்து வளரும். அது நற்செடிக்கும் பொருந்தும், முட்செடிக்கும் பொருந்தும். அன்பு, உழைப்பு, கல்வி போன்ற வளர வேண்டியவற்றுக்குக் கவாத்து ஏற்றது. பேராசையையும் பகையையும் மேலே நறுக்கினால் அவை இன்னும் பல வடிவங்களில் கிளைக்கும். குடியை விட்டவர் அதன் காரணத்தை ஆராயாவிட்டால், அதே தவிப்பு வேறொரு பழக்கத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். எதை நறுக்குவது, எதை வேரோடு களைவது என்று பிரித்தறிவதே தன்னைப் புதுப்பிப்பதில் கடினமான பகுதி.

உவமைக்கு எல்லையும் உண்டு. செடிக்குத் தன்னைப் பற்றிய தீர்ப்பு இல்லை. மனிதன் ஒருவனே கத்தரி பிடிக்கும் கையாகவும் வெட்டுப்படும் கிளையாகவும் இருக்கிறான். யோவான் அந்தக் கையை இறைவனிடம் ஒப்படைக்கிறார். பௌத்தம் சொந்த முயற்சியை வலியுறுத்துகிறது. வாழ்வில் நேரும் இழப்பு ஒவ்வொன்றையும் கவாத்து என்று சொல்லி ஆறுதல் கூறுவதும் தவறு. நோயும் வறுமையும் பல வேளைகளில் மனிதரை ஒடித்துவிடுகின்றன. இலைகளை அளவுமீறி இழந்த செடியும் உணவு தயாரிக்க வழியின்றி வாடுகிறது. வெட்டிய பிறகு தளிர்ப்பதற்கு வேரில் வலுவும் போதிய நீரும் வெயிலும் வேண்டும். மனிதருக்கு அந்த இடத்தில் ஓய்வும் உறவும் நம்பிக்கையும் வேண்டும். ஆகவே துறவைக் கற்பிக்கும் எந்த நெறியும் அதற்குப் பின் தேவைப்படும் பராமரிப்பையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.