அடித்த பிறகு எங்கே நிற்பது?

டென்னிஸில் நடுவே வலை இருக்கிறது. பாட்மின்டனிலும் டேபிள் டென்னிஸிலும் அப்படித்தான்: உன் பக்கம் உனக்கு, என் பக்கம் எனக்கு. கபடியில்கூட நடுக்கோடு உண்டு. ஸ்குவாஷில் அப்படி எதுவும் கிடையாது. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், சுற்றிலும் நான்கு சுவர்கள், அதற்குள் ராக்கெட்டும் கையுமாக இரண்டு பேர். இருவரும் பார்ப்பது ஒரே முன்சுவரை. எதிராளி எதிரே நிற்பதில்லை. தோளை ஒட்டியோ முதுகுக்குப் பின்னாலோ மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கிறார். தரையில் கோடுகள் சந்திக்கும் ‘டி’ என்ற நடு இடத்தைப் பிடித்தவருக்குக் கோர்ட்டின் நான்கு மூலைகளும் எட்டும். அந்த இடம் எனக்கும் வேண்டும், அவருக்கும் வேண்டும். இருப்பதோ ஒன்றுதான்.

இப்படி ஓர் ஆட்டம் சண்டையில் முடியாமல் இத்தனை காலம் எப்படி நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். அதற்குக் காரணம் ஒரு விதி. பந்தை அடித்து முடித்தவர் உடனே விலகிவிட வேண்டும். வெறுமனே ஒதுங்கி நின்றால் போதாது. சுவரில் பட்டுத் திரும்பும் பந்து எதிராளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் நேர் வழியில் பந்தை அடைய வேண்டும். கையை வீச அவருக்கு இடம் வேண்டும். முன்சுவரின் எந்தப் பகுதிக்கு வேண்டுமானாலும் அடிக்கும் சுதந்திரம் வேண்டும். இவை நான்கும் அவருடைய உரிமை. தோற்கடிக்க வந்தவனின் கையிலேயே இந்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டிருக்கிறது. என்னை வீழ்த்தப்போகும் அடியை அவர் அடிப்பதற்கு நான்தான் வழிவிட வேண்டும்.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். எதிராளி வழியில் நிற்கும்போது ராக்கெட்டை வீசினால் அவர் பல் உடையலாம். பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர்தான். கண்குழிக்குள் நேராகப் போய்த் தாக்கும் அளவு அது. அதனால் வீசப்போன கையை நிறுத்திக்கொண்டு ‘லெட்’ என்று கேட்கிறோம். அந்தப் புள்ளி மறுபடி ஆடப்படும். அடித்திருந்தால் பந்து முன்சுவருக்கு நேராகப் போகும் வழியிலேயே அவர் மேல் பட்டிருக்கும் என்று நடுவர் கருதினால், ‘ஸ்ட்ரோக்’ கொடுத்து அடிக்காதவருக்கே புள்ளியைத் தருகிறார். கையில் ஆயுதம் இருந்தும், வீச வாய்ப்பிருந்தும் வீசாமல் நின்றதற்கு ஒரு புள்ளி! வேறு எந்த ஆட்டத்தில் இந்த மரியாதை இருக்கிறது?

நான் மாலையில் ஆடும் கோர்ட்டில் நடுவர் கிடையாது. என்னோடு ஆடுபவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பல வயது மூத்தவர். பந்து குளிர்ந்திருந்தால் எழும்பாது. அதனால் ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் மாறி மாறி அடித்து அதைச் சூடாக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக் கதை, மருந்துக் கதை எல்லாம் பேசுவார். ஆட்டம் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். முன்மூலையில் விழுந்த பந்தை அவர் ஓடிப்போய்க் கிள்ளி எடுப்பார். எடுத்தது முதல் துள்ளலிலா இரண்டாவதிலா என்று பின்னால் நிற்கும் எனக்குத் தெரியாது. அவரே நிறுத்திவிடுவார். “இல்ல தம்பி, ரெண்டு தடவ பட்டுடுச்சு. பாயிண்ட் உங்களுது.” அடுத்த பந்தில் என்னைக் கோர்ட்டின் நாலு மூலைக்கும் ஓட வைப்பார். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான், போட்டி போடும் மனது கெட்ட மனது என்று சிறு வயதில் சொல்லிக் கொடுக்கப்பட்டதை நான் நம்பாமல் போனேன்.

விதி இருந்தாலும் அதை வளைக்க வழி உண்டு. மறிப்பவர் யாரும் எதிராளியைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அடித்த இடத்திலேயே அரை நொடி கூடுதலாக நிற்பார். பின்னால் போகும்போது ஒரு காலை அரை அடி நீட்டி வைப்பார். பார்வையாளர் கண்ணுக்கு அது தெரியாது. எதிராளிக்குப் பந்தை எட்டும் தூரம் ஒரு எட்டு கூடிவிடும், அவ்வளவே. ஸ்குவாஷ் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எகிப்தின் முஸ்தபா அசல் என்ற வீரரின் பெயர் உடனே நினைவுக்கு வரும். பந்தை அவர் கையாளும் விதம் வியக்க வைப்பது. ஆனால் எதிராளியின் வழியில் நிற்கிறார் என்ற புகாரும் அவரைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. ஆட்டத்தில் நடந்துகொண்ட விதத்துக்காக 2023 இல் சில வாரங்கள் தடையும் பெற்றார். 2025 மே மாதம் சிகாகோவில் உலகப் பட்டத்தை வென்றார். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் அலி ஃபராக்: நான்கு முறை உலகச் சாம்பியன், ஹார்வர்டில் பொறியியல் படித்தவர், தன் பந்து தப்பு என்றால் நடுவருக்கு முன் தானே சொல்லிவிடுவதற்குப் பெயர் பெற்றவர். அந்த ஆட்டத்தோடு ஃபராக் ஓய்வு பெற்றார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அசலின் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபராக்கின் தோல்விகளைக்கூட மறுபடி பார்க்க முடிகிறது என்னால்.

அந்த அரை நொடி தாமதம் எனக்கு அலுவலகத்தில்தான் நன்றாகப் பழக்கம். எங்களில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. ஒருவருடைய விண்ணப்பம் மேலே போக வேண்டிய நாளில் அது மேசையிலேயே இருக்கும். நேர்முகத் தேர்வுக்கான சுற்றறிக்கை வந்த சேதி உரியவருக்கு மட்டும் தாமதமாகப் போய்ச் சேரும். கேட்டால், ‘அடடா, மறந்தே போச்சு’ என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அநியாயம் செய்யவில்லை. முன்பு தமக்கு உரிமையாக இருந்த ஓர் இடத்திலிருந்து விலகத் தாமதித்தார்கள், அவ்வளவுதான். அங்கே ஸ்ட்ரோக் கொடுக்க நடுவர் இல்லை. ஒதுங்கி நின்று வாய்ப்பை இழந்தவர் கடைசி வரை அதை நிரூபிக்கவும் முடியாது.

இதைவிட நுட்பமான ஒன்றை ஸ்குவாஷ் எனக்குக் காட்டியது. எதிராளியின் வழியில் நாம் நிற்கும்படி ஆவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, மோசமான அடியால்தான். பக்கச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பந்தை அடித்தால் எதிராளி அதைத் தேடிப் பின்மூலைக்குப் போகிறார். ‘டி’ தானாகவே எனக்குக் கிடைக்கிறது. யாரும் யாரையும் உரசுவதில்லை. அதே பந்து சுவரை விட்டு விலகி நடுவில் போனால் அது திரும்பி என் உடம்பை நோக்கியே வரும். இப்போது நான் எங்கே நகர்ந்தாலும் அவருக்குத் தடைதான். பயிற்சியாளர்கள் விலகும் வித்தையைச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பந்தைச் சுவரோடு ஒட்டி அடிக்கத்தான் மணிக்கணக்கில் பழக்குகிறார்கள். அலுவலகத்தில் பிறர் வழியில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். தம் வேலையில் கை தேர்ந்தவர்கள் அந்தப் பட்டியலில் அநேகமாக இல்லை. வேலை கைவிட்டுப் போகிறது என்ற பயம் வந்த பிறகே பலரும் மறிக்கத் தொடங்கினார்கள்.

போட்டியாளன் வெளியாளாக இருந்தால் இதெல்லாம் ஓரளவு சுலபம். வீட்டுக்குள்ளேயே இருந்தால்? பெஷாவரை ஒட்டிய நவாகிலே கிராமத்திலிருந்து வந்த ஹாஷிம் கான், வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் கூரையில்லாத கோர்ட்டில் பந்து பொறுக்கியவர். அதிகாரிகள் போன பிறகு வெறுங்காலோடு தனியாக ஆடிப் பழகினார். 1951 இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். மொத்தம் ஏழு முறை வென்றார். அந்த இடத்துக்கு வந்தபின் தம்பி அஸம் கானையும் பழக்கி இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். இறுதி ஆட்டத்தில் அந்தத் தம்பியையே எதிர்கொண்டார். பின்னர் 1959 முதல் 1962 வரை அஸம் தொடர்ந்து நான்கு முறை அதே பட்டத்தை வென்றார். தன் பிழைப்பு தங்கியிருக்கும் ஒரே பட்டத்துக்குத் தானே ஒரு போட்டியாளரை உருவாக்கியதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. 2017 டிசம்பரில் மான்செஸ்டரில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் முகமது எல்ஷோர்பாகியும் தம்பி மர்வானும் மோதினார்கள். ஐந்து கேம் வரை போய் அண்ணன் வென்றார். வென்றவர் முகத்தில் கொண்டாட்டமே இல்லை. ஆனால் ஐந்து கேமிலும் ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுக்கவும் இல்லை. விட்டுக் கொடுத்திருந்தால் அதுதான் அவமதிப்பு என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

நம் ஊரிலும் இது நடந்தது. 2014 ஆகஸ்டில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பல்லிக்கலும் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்றார்கள். அந்தப் போட்டிகளில் ஸ்குவாஷில் இந்தியா வென்ற முதல் தங்கம் அது. இருவருமே சென்னைப் பெண்கள். அடுத்த மாதமே இன்சியான் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் கால் இறுதியில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது அட்டவணை. தோற்றவருக்குப் பதக்கம் இல்லை. ஆட்டம் ஐந்து கேம் போனது, தீபிகா வென்றார். எட்டு வருடம் கழித்து, தீபிகாவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து சில மாதங்களே ஆன நிலையில், அதே கிளாஸ்கோவில் இருவரும் சேர்ந்து உலக இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். ஒருவரிடம் தோற்ற பின்னும் அவரோடு சேர்ந்து ஒரே பக்கம் ஆட முடிகிறது என்றால், தோல்வி நியாயமான வழியில் வந்திருக்க வேண்டும். வழி மறித்துத் தோற்கடித்தவரோடு யாரும் மறுபடி கூட்டுச் சேர முடியாது.

சென்னையில் வெகுகாலம் ஸ்குவாஷ் கோர்ட் என்பது கிளப் கதவுக்குள் இருந்தது. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது தெரியும். நேரு பூங்காவில் அகாடமி வந்த பிறகு அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 2025 டிசம்பரில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் கண்ணாடிக் கோர்ட் போட்டு உலகக் கோப்பையே நடந்தது. துணிக்கடைப் பைகளோடு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இந்தியா இறுதியில் ஹாங்காங்கை 3-0 என்று வென்று முதல்முறையாகக் கோப்பையை எடுத்தது. முதலில் இறங்கியவர் 39 வயது ஜோஷ்னா. அடுத்து அபய் சிங். வெற்றியை முடித்து வைத்தவர் 17 வயது அனாஹத் சிங். அணியில் இருந்த நம் வேலவன் செந்தில்குமார் களம் இறங்கும் தேவையே வரவில்லை.

அந்த வரிசையை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். வயதானவர்கள் இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். வழிவிடுவது என்றால் வெளியே போய்விடுவது என்றே அதைப் புரிந்துகொள்கிறோம். கோர்ட்டில் அப்படி இல்லை. அடித்தவர் விலகுகிறார், எதிராளி அடித்ததும் ‘டி’க்குத் திரும்பி வருகிறார். விலகுவது வேறு, வெளியேறுவது வேறு. அனாஹத்தின் இடத்தை ஜோஷ்னா மறிக்கவில்லை. அவருக்காகத் தன் இடத்தை விட்டு ஓடவும் இல்லை. தன் ஆட்டத்தை வென்று கொடுத்துவிட்டு உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்தார். என் வயதில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம்.

ஆனால் சிலருக்குத் திரும்பி வர வாய்ப்பே கிடைப்பதில்லை. பினாங்கைச் சேர்ந்த நிக்கோல் டேவிட் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலக முதலிடத்தில் இருந்தவர். எட்டு உலகப் பட்டங்கள் வென்றவர். ஸ்குவாஷை ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்க் கேட்டவர்களில் முக்கியமானவர். ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தன் உலகப் பட்டங்கள் அத்தனையும் தந்துவிடத் தயார் என்றார். 2012, 2016, 2020 போட்டிகளுக்கான வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. 2019 இல் அவர் ஓய்வு பெற்றார். 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் குழுவின் கூட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 க்கு ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டது. அதே மாதம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் தங்கத்தை வென்றவர் அதே மலேசியாவின் சிவசங்கரி சுப்ரமணியம். முந்தைய ஆண்டு கார் விபத்தில் கழுத்தில் பலத்த காயம் பட்டவர் அவர். நிக்கோல் தட்டிக்கொண்டிருந்த கதவு வழியாகப் போகும் வாய்ப்பு சிவசங்கரி காலத்தவர்களுக்கு வந்திருக்கிறது. தனக்குக் கிடைக்காத ஒன்றைத் தனக்குப் பின்னால் வருபவருக்குக் கிடைக்கச் செய்தவரை எந்தத் தரவரிசையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2028 இல் உலகம் முழுக்கப் பலர் இந்த ஆட்டத்தை முதல்முறையாகப் பார்ப்பார்கள். பந்து சிறிது, வேகம் அதிகம். தொலைக்காட்சியில் அதைப் பின்தொடர்வதே சிரமம். அதனால் ஒளி, நிறம், கண்ணாடி என்று ஏற்பாடுகள் நிறைய நடக்கும். என் கவலை நடுவர்களைப் பற்றியது. வீடியோ பார்த்து முடிவை மாற்றும் வசதி இன்று இருக்கிறது. நீட்டிய கால் இனி கண்ணுக்குத் தப்பாது. ஆட்டம் நின்று நின்று போகிறது, பார்வையாளருக்கு அலுப்பாகும் என்று பயந்து அவர்கள் தளர்ந்துவிடக் கூடாது. முதல் கேமிலேயே, முதல் மறிப்புக்கே ஸ்ட்ரோக் கொடுக்கட்டும். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.