மலைக்காவலும் சின்னப்பட்டமும்

போடிநாயக்கனூர்க்கு மேற்கே உயர்ந்த ஏலமலைச் சரிவுகளில் ஏலம் பெருமரங்களின் நிழலை நாடி வளர்வது. ஏலச்செடி மூன்றாம் ஆண்டளவிற் பலன் தரும். நிழல் தரும் மரமோ நட்டவர் காலத்துள் முற்றுவதரிது. அண்மைப் பத்தாண்டுகளில் விளைவு மிகுதி கருதி அந்நிழலைத் தோட்டத்தார் பலர் குறைத்தனர். மேற்புறத்து மதிகெட்டான் சோலை, ஆக்கிரமிப்புப் பெருகிய பின்னரே 2003-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மரத்தை வெட்ட ஒருநாள் போதும். எரிய ஒரு நாழிகை போதும். காட்டை மீட்டலோ ஓராயுளில் முடிவதன்று. ஆகவே அப்பணி தொடங்கிய முதியோர் அதன் தலைமையை இளையோர்க்கு எப்பொழுது அளித்தல் முறை என்னும் வினா எழுகின்றது.

இறந்தபின் தானே செல்லும் என்பாருமுளர். அஃது உடைமைக்குப் பொருந்தும். உயில் ஒன்று போதும். எம்மரத்தை முதலில் நடுவது, எதனைக் களைவது, எவ்வூற்று எம்மாதம் வற்றும் என்னும் அறிவு உயிலில் அடங்குமோ? உடன்நடந்து பழகினார்க்கன்றி அது கைவராது. திருவாவடுதுறை முதலிய ஆதீனங்களில் பெரியவர் வீற்றிருக்கும்பொழுதே சின்னப்பட்டம் கட்டும் மரபு இதுபற்றியே போலும்.

வயநாட்டுப் பேரியாவில், ஜெர்மனியினின்று போந்து நடராஜ குருவின் மாணாக்கரான வொல்ப்காங் தெயர்காஃப், 1981-இல் குருகுலத் தாவரச் சரணாலயத்தைத் தொடங்கி, அழியுந் தறுவாயிலிருந்த செடிகளைத் தேடித் தொகுத்துப் பேணினார். 2014-இல் அவர் மறைந்தார், பணி மறைந்திலது. பல்லாண்டு உடனிருந்து பழகிய சுபிரபா சேஷனும் அவ்வூர்ப் பெண்டிரும் அதனைத் தொடர்ந்தனர். பிறப்பு வழியன்று, பழக்க வழி வந்த உரிமை அது.

முதியோர்க்கு அரிய செயல் ஒன்றுண்டு. பொன்னாசை விட்டவரும் ‘யான் நட்ட காடு’ என்பதை எளிதில் விடார். ஆணவம் செல்வத்தையே பற்றும் என்னும் நியதியில்லை, தொண்டினையும் பற்றும். இளையவர் வேறொரு மரத்தைத் தேர்ந்தவிடத்துச் சினம் பிறப்பது இதனாலேயாம். அங்ஙனமாயின் இளையவர் சொல்வன யாவும் ஏற்புடையவோ எனின், அன்று. விளைவு வேண்டி எஞ்சிய நிழலையும் அழிக்கத் துணிவாராயின் தடுத்தல் முதியவர் கடனேயாம். அத்தடை கொட்டகுடி ஆற்று நீரின்பொருட்டோ, தம் பெயரின்பொருட்டோ என்பதை அவரே தனித்திருந்து ஆராய்தல் வேண்டும். இதற்கு எளியதோர் வழியுமுண்டு. தாம் நடமாடும் நாளிலேயே ஒரு சரிவை முற்றும் இளையவர் பொறுப்பில் விடுக. நாற்றுச் சில படினும் குறுக்கிடற்க. இரண்டு மழைக்காலம் கழிந்தால் அவர் தேர்ச்சி புலனாகும்; ஐயுற்றவிடத்து ஓடிவந்து வினவுதற்கு ஒரு பெரியவரும் அன்று உயிரோடிருப்பார்.