பயன் கருதிய உபகாரம் அறமாகுமா?

பிறரைத் தம் சமயத்திற் சேர்க்கும் விருப்போடு செய்யும் உதவி அறமாகுமா, தூண்டிலிற் கோத்த இரையாகுமா என்பது சைவ நன்மக்கள் பலகாலும் எழுப்பும் வினா. சித்தியார் ஓதினார் சிலர், சண்டேசுர நாயனார் தந்தையின் தாளை எறிந்தது அறமாயினமையும் தக்கன் வேட்ட வேள்வி தீமையாயினமையும் எடுத்துக்காட்டி, அரனடிக்கு அன்பிலாதார் செய்வது யாதாயினும் பாவமேயென்று எளிதின் முடிப்பர். எத்தெய்வத்தை வழிபடினும் ஆண்டு வந்தருள்பவன் சிவபிரானே என்றும் அந்நூலே கூறுதலை அவர் மறந்தார் போலும்.

இவ்வினாவை யாழ்ப்பாணத்து நிகழ்ச்சியில் வைத்து ஆராய்வாம். அமெரிக்க மிஷனார் 1816-இல் அங்கு வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவி, ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் தமிழும் கற்பித்தனர். கற்றவருட் பலர் மிஷன் ஊழியத்தை விடுத்து அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். 1855-இல் செமினரி மூடப்பட்டது. மீன் சிக்காத தூண்டிலைச் சுருட்டிக்கொண்டார் என நம்மவர் நகைப்பின், அந்நகைக்கு இடமுண்டு.

மானிப்பாய் வைத்தியசாலையோ வேறு வகைத்து. 1847-இல் வந்த சாமுவேல் கிரீன் என்னும் வைத்தியரும் மதம் பரப்ப வந்தவரே. அதனை அவர் மறைத்ததுமில்லை. ஆயினும் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, தாமும் தமிழ் பயின்று, மாணாக்கர் துணையோடு அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களை ஆக்குவித்தார். கிறித்தவராகிய மாணாக்கர் வேட்டியை விடுத்துக் காற்சட்டை புனைதலை அவர் விரும்பிற்றிலர். 1873-இல் தம் நாடு சென்ற பின்னும் அந்நூற்பணியை விட்டாரல்லர், 1884-இல் மறைந்தார். வடசொல் மிகுந்த தமிழென்று அந்நூல்களை இகழும் புலவரும் உளர். யாம் இளமையிற் பயின்றவை நன்னூலும் சித்தியாருமே. குருதி ஓடும் நெறியைத் தமிழில் எழுதலாமென்று எமக்கு எவரும் காட்டிற்றிலர்.

இனி, கருத்தை நிறுப்பவன் இறைவன். மக்கள் காணத்தக்கது ஒன்றே: உதவியோடு நிபந்தனை பிணைக்கப்பட்டதா? விருப்பம் வேறு, நிபந்தனை வேறு. முதுமையில் தன்னைக் காப்பானென விரும்பியே தாய் மகனை வளர்க்கின்றாள். அதனால் அவள் ஊட்டிய பால் விலைப்பாலாகாது. மானிப்பாயில் மருந்துண்டு பிழைத்தவருட் பலர் இட்ட நீறு அழியாமலே வீடு திரும்பினர். நோயால் மெலிந்தோன் செவியில் சமயம் ஓதுதல் தகுமோ எனின், தகாது, அது குற்றமே. அக்குற்றம் பற்றி மருந்தை நஞ்சென்றல் நேர்மையன்று.

எம்மூராகிய கல்லிடைக்குறிச்சியிற் கிளைமடமுடைய திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் ‘நாவலர்’ எனச் சிறப்பித்த ஆறுமுக நாவலர் பாதிரிமாரைக் கண்டித்தெழுதியதோடு அமைந்தாரல்லர். 1848-இலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். பஞ்ச காலத்திற் கஞ்சித்தொட்டியும் நடத்தினார். அவர் வழியினரென்று பெருமை பேசும் நாம் நம் அறங்களையும் அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டாவோ? நிபந்தனை மதத்தால் மட்டுமன்றிப் பிறப்பாலும் இடப்படும். தாமிரபரணிக் கரையில், எம்மூர்க்கு அணித்தாகிய சேரன்மாதேவிக் குருகுலத்தில், பிறப்பு நோக்கிச் சிறுவர்க்குப் பந்தி பிரித்தமையால் எழுந்த பூசல் 1925-இல் தமிழ்நாடெங்கும் பரவிற்று. ஆண்டு உண்ண அமர்ந்த சிறுவர் அனைவரும் நம்மவரே.