வெளியே நில்



இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. அயலானுக்குக் கடன் கொடுத்தவன் ஈடு வாங்குவதற்காக அவனுடைய வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். வாங்கியவனே ஈட்டை எடுத்து வந்து கொடுப்பான். அவன் வறியவனாயின், ஈடாகத் தந்த போர்வையைப் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கடன் கொடுத்தவனுக்கு உரிமை உண்டு என்பதை இக்கட்டளை மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமை வறியவனின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

யுத்தத்தின் பின் நுண்கடன் நிறுவனங்கள் எமது மாவட்டத்தின் கிராமங்களுக்கு வந்தன. பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணையாக்கி, கிழமைக்குக் கிழமை தவணை அறவிட்டன. வாவியில் இறால் படாத கிழமையும், படுவான்கரையில் மழை பொய்த்த போகமும் தவணைக்குத் தெரியாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். ஒருத்தி கட்டத் தவறினால் அயலவளே அவளுக்குத் தண்டற்காரியானாள். 2018இல் அரசாங்கமே, வரட்சி கண்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை நீக்க முன்வர வேண்டியதாயிற்று.

அவர்களைக் குறை சொல்வது எளிது. நாம் எப்படி?

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது நானும் சிலருடன் உலருணவுப் பொதி கொடுக்கப் போனேன். கணக்குக் காட்டப் படம் தேவைப்பட்டது. பொதியை வாங்கிய தாயை நிமிர்ந்து பார்க்கச் சொன்னோம். அவளுடைய மகன் கதவின் பின்னால் மறைந்துகொண்டான். அரிசியோடு நாமும் அனுமதியின்றி அந்த வீட்டுக்குள் போய்விட்டோம் என்பதைக் குருமனைக்குத் திரும்பிய பின்பே உணர்ந்தேன்.

"கணக்கு வேண்டாமா? பொய் சொல்லி வாங்குவோரும் இருக்கிறார்களே" என்பீர்கள். நியாயமான கேள்விதான். எருசலேமின் முதற் சபையிலும் பங்கீட்டில் கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. அதற்காக நற்பெயர் பெற்ற எழுவர் நியமிக்கப்பட்டனர். ஒழுங்கு செய்யும் சுமை கொடுக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டது. வாங்கும் கைம்பெண்ணின் முகத்தில் அல்ல. எம் பங்குகளிலும் நம்பிக்கைக்குரிய இருவர் விசாரித்து அறியலாம். கணக்கைப் பெயரின்றி எழுதலாம்.

வெளியே நில் என்றால் தூர நில் என்பதல்ல. கட்டளை எம்மை வாசல் வரைக்கும் போகச் சொல்கிறது. செப்டெம்பரில் ஆயித்தியமலைத் தாயிடம் நடந்து போகும் நாம், வழியில் உள்ள எத்தனை வாசல்களை அறிவோம்? பத்துக் குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்தால், நோய்க்கும் பிள்ளையின் படிப்புக்கும் வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுக்கலாம். கடன்காரர் படலையைத் திறப்பதற்கு முன் நாம் அங்கே நிற்கலாம்.

பசித்தவரிலும் அந்நியரிலும் தம்மையே காணும்படி ஆண்டவர் சொன்னார். அப்படியானால் அந்தக் குடிசை அவருடைய வீடு. தட்டிவிட்டுக் காத்திருப்போம். உள்ளே வரச் சொன்னால், விருந்தாளிகளாகப் போவோம்.