காது குத்துதலும் காத்தலும்

சிவமயம்

மக்கட்பேறு பெற்ற சைவ இல்லங்களிலே தொன்றுதொட்டு நடைபெற்றுவருங் கிரியைகளுள்ளே காது குத்துதலும் ஒன்று. வடநூலார் இதனைக் கர்ணவேதனம் என்று வழங்கிச் சமஸ்காரங்களுள் வைத்தெண்ணுவர். நமது யாழ்ப்பாணத்திலே நல்ல நாளும் நல்லோரையும் பார்த்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பிள்ளையாரை வணங்கி, தாய்மாமன் மடியிலே குழந்தையை இருத்திக் காது குத்துவிப்பது வழக்கு. ஊசி பாயும், குழந்தை வீரிட்டழும், கூடியிருந்தோர் கற்கண்டு கொடுத்துத் தேற்றுவர், பந்தி நடைபெறும், எல்லாரும் தத்தம் வீடு செல்வர். அவ்வளவிலே கிரியை முற்றுப்பெற்றதென்று நாம் எண்ணுகின்றோம். உண்மையிலே அது முற்றுப்பெற்றதா, அன்றி அப்பொழுதுதான் தொடங்கிற்றா? தன் கருத்தைச் சொல்லமாட்டாத குழந்தையின் உடம்பிலே புண்ணொன்றை உண்டாக்குதற்குப் பெற்றார்க்கு உரிமை யாது? அவ்வுரிமை எக்கடனோடு கூடியது? இவற்றை ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

இவ்வாராய்ச்சியிலே யாம் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. யாம் நன்கறிந்த ஓரில்லத்திலே எட்டுமாதப் பெண்குழந்தை ஒன்றற்குக் காது குத்தினர். விருந்து குறைவற நடந்தது. ஐந்தாம் நாளிலே இடக்காது சிவந்தது. ஏழாம் நாளிலே சோணை வீங்கிற்று. வைத்தியரிடங் காட்டவேண்டுமென்று தாய் சொன்னாள். காட்டினால் அவர் தோட்டைக் கழற்றிவிடுவார், குத்திய தோட்டைக் காது ஆறுமுன் கழற்றுதல் அபசகுனம், சுற்றத்தாருங் குறைகூறுவர் என்று மூத்தோர் தடுத்தனர். மஞ்சளும் எண்ணெயும் மேன்மேலும் பூசப்பட்டன. பத்தாம் நாளிலே குழந்தை காய்ச்சலாற் பால் குடியாது கிடந்தபொழுதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். சீழ் கட்டி, தோட்டின் சுரை தசைக்குள்ளே புதைந்திருந்தது. குழந்தை பிழைத்தது, காது வடுப்பட்டது. அவ்வில்லத்தார் கொடியவரல்லர், குழந்தையின்மீது உயிரையே வைத்தவர். அங்ஙனமாயிற் பிழை எங்கேயுள்ளது? குத்திய நாளைக் கிரியையென்றும், குத்தியபின் வரும் நாட்களைக் கிரியைக்குப் புறம்பென்றுங் கொண்டதே பிழையென்க.

இனி, காது குத்துதலே தகாதென்பாரும் உளர். அவருள் ஒருசாரார், இறைவன் தந்த உடம்பிலே துளையிடுதல் அவன் படைப்பிலே குறைகாண்டலாம் என்பர். இது வலியுடைய ஆசங்கையன்று. நகங் களைதலும் மயிர் மழித்தலும் படைப்பை இகழ்தலாகா. அன்றியும், அம்மையை ஒருபாகத்துடைய நம்பெருமான் ஒரு செவியிலே தோடும் ஒரு செவியிலே குழையும் உடையன். திருஞானசம்பந்தசுவாமிகள் சீகாழியிலே திருவாய்மலர்ந்தருளிய முதற்பதிகமும் அத்தோட்டைச் சொல்லியே தொடங்குகின்றது. ஆயினும், இறைவன் அணிந்தான் ஆதலால் நாமும் குத்துவோம் என்பது மாத்திரம் முடிந்த நியாயமாகாது. அவன் நஞ்சும் உண்டான், பாம்பும் அணிந்தான். அவை நமக்கு விதிக்கப்பட்டனவல்ல.

மற்றொரு சாரார் கூறும் ஆசங்கை வலியுடையது. குழந்தை இசைந்திலது; அதன் உடம்பு அதனுடையது; அதற்கு நோவு செய்தற்கு நீவிர் யாவர் என்பது அது. பாலூட்டலும் தடுப்பூசி ஏற்றுவித்தலும் இசைவு கேட்டோ செய்யப்படுகின்றன என்று இதனை எளிதில் விலக்க முயல்வாரும் உளர். அவை உயிரைக் காத்தற்கு இன்றியமையாதன; காது குத்துதல் அத்தகையதன்று. காது குத்தினாற் புத்தி கூர்மைப்படும், கண்ணோய் வாராது என்று சொல்லப்படுவனவற்றிற்கும் தக்க சான்று இல்லை. பொய்யான பயனைக் கூறி மெய்யான கிரியையைத் தாங்குதல் சமயத்துக்கு அழகன்று. ஆதலால் இவ்வாசங்கைக்கு நேராகவே விடை கூறல்வேண்டும்.

அருணந்திசிவாசாரியர் சிவஞானசித்தியாரிலே, தம் சொற்கேளாத மக்களைத் தாய்தந்தையர் அடித்தலும் கட்டுதலும் நோக்குமிடத்துப் பரிவேயாமென்றும், வைத்தியன் சில நோய்களை அறுத்துக் கீறியும் சில நோய்களைச் சுவையுள்ள மருந்து கொடுத்தும் தீர்த்தல்போல இறைவனும் இன்பதுன்பங்களைக் கொடுத்து வினையைத் தீர்ப்பனென்றும் உணர்த்தினார். மறக்கருணை என்பது இது. இதனை எடுத்துக்கொண்டு, துன்பஞ்செய்தலும் அருளே என்று தம் செயலுக்கெல்லாம் முத்திரையிடுவாரைக் காண்கின்றோம். அது பொருந்தாது. அங்கே ஆசிரியர் அருளென்றது அடியையன்று. அடியின் பின்னே நிற்கும் பரிவையேயாம். கட்டியை அறுத்தவன் அது ஆறும்வரையும் மருந்திட்டு உடனிருத்தலினாலே வைத்தியனாயினான். அறுத்துவிட்டு அப்பாற் போயினானாயின் அவனுக்குப் பெயர் வேறு. மேலும், இறைவன் முற்றறிவினன். தான் தரும் நோவின் முடிவை முன்னமே அறிவான். நாமோ சிற்றறிவினேம், ஊசி பாய்ந்த இடத்திலே நாளை யாது விளையுமென்று அறியேம். முன்னறியமாட்டாதவன் செய்யத்தக்கது பின்னின்று காத்தலேயன்றோ? ஆதலால், குழந்தையின் இசைவின்றி அதன் காதைக் குத்தும் உரிமை, அக்காது ஆறும்வரையும் அதற்குக் காவலராய் நிற்போம் என்னுங் கடனை ஏற்றுக்கொண்டார்க்கே உரியதென்பதும், அக்கடனை ஏலாதார்க்கு அவ்வுரிமை இல்லையென்பதும் எமது துணிபு.

இஃது எமது புதுக்கருத்தன்று. சுசுருதசங்கிதையிலே சூத்திரத்தானத்து 16 ஆம் அத்தியாயம் காது குத்தும் விதியைக் கூறுகின்றது. காவலின்பொருட்டும் அணியின்பொருட்டும் குழந்தையின் காது குத்தப்படும் என்பதும், 6 ஆம் மாதத்திலேனும் 7 ஆம் மாதத்திலேனும் வளர்பிறையிலே நன்னாளிற் குத்துக என்பதும் அதன் விதி. குழந்தையை மடியிலிருத்தி, விளையாட்டுப்பொருள் காட்டித் தேற்றி, வைத்தியன் இடக்கையாற் சோணையைப் பற்றி, சூரியவெளிச்சம் ஊடுருவித் தோன்றும் மெல்லிய இடத்தைக் கண்டு, அங்கே நேராகக் குத்தல்வேண்டும். இரத்தமும் நோவும் மிகுந்தாற் குத்தத்தகாத இடத்திலே குத்தியதாகக் கொள்ளப்படும். பின்பு பஞ்சுத்திரியிட்டு எண்ணெய் வார்த்து, மூன்று நாளுக்கொருமுறை சிறிது பருத்த திரியாக மாற்றிவருதல்வேண்டும். அவ்வத்தியாயத்திலே குத்துதற்குச் சில வாக்கியங்களே உள்ளன. குத்தியபின் காத்தற்கும், பழுதுற்ற காதை ஒட்டித் திருத்தும் 15 வகை முறைகளுக்கும், அவைபோல்வனவற்றிற்குமே பெரும்பகுதி செல்கின்றது. பழைய நூலார் எதனைப் பெரிதென மதித்தனர் என்பது இதனாற் புலப்படும்.

இன்னும் ஒன்று. காது வீங்கி நோவு கண்டால் இட்ட திரியை விரைவிலே களைந்து, மருந்து பூசி ஆற்றி, நன்றாக ஆறியபின் மறுபடியும் குத்துக என்று அந்நூலே விதிக்கின்றது. கழற்றுதல் அபசகுனமென்ற அம்மூத்தோர் தாம் காப்பதாக எண்ணிய பழைமையைத் தாமே அறிந்திலர். சாத்திரம் இடங்கொடுத்திருக்க, அயலார் வாய்க்கு அஞ்சிக் குழந்தையை நோவிலே கிடத்தினமை எங்ஙனம் சமயாசாரமாகும்? நாணத்தைச் சாத்திரமென்று மயங்கியதே அது.

இனி, இக்கால வைத்தியமுறைக்கு ஒத்தவற்றைச் சுருக்கிக் கூறுவாம். நமது நாட்டிலே 2, 4, 6 ஆம் மாதங்களில் ஏற்றப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி ஏற்புவலியையும் ஒருவகை ஈரலழற்சியையும் தடுப்பவற்றுள் ஒன்று. அம்மூன்றும் முற்றியபின் குத்துவித்தல் நன்று. ஒருவருக்கு வழங்கிய ஊசியை மற்றொருவருக்கு வழங்காமையும், குத்துவோர் கை கழுவிச் சுத்தமாயிருத்தலும் இன்றியமையாதன. மெல்லிய சோணையிலே குத்துவிக்க. மேற்காதிலுள்ள குருத்தெலும்பிலே குத்தினால் ஆறுதற்குப் பல மாதஞ்செல்லும், கிருமி புகுந்தாற் காதின் வடிவமே கெடும். நிக்கல் கலந்த மலிவான உலோகம் பலருக்குச் சொறியையும் புண்ணையும் உண்டாக்கும். மாற்றுயர்ந்த பொன்னேனும் டைட்டேனியமேனும் கொள்க. தோடு பாரமில்லாததாய், தொங்காததாய், குழந்தையின் கைக்கும் தாயின் சேலைக்கும் அகப்படாததாய் இருத்தல்வேண்டும். சுரையை இறுக்கலாகாது, வீங்குதற்கு இடம்விட்டே முடுக்குக.

குத்திய காதைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. கொதித்தாறிய நீர் ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, சுத்தமான துணியை அதிலே நனைத்து, நாடோறும் இருமுறை முன்னும் பின்னும் ஒற்றித் துடைத்து, ஈரம் போக ஒற்றுக. பொருக்கை உரித்தலும், தோட்டை வீணே திருகுதலும் ஆகா. கேணியிலும் கடலிலும் முழுக்காட்டற்க. தலைக்கு வைக்கும் எண்ணெய் காதிலே வழியாதபடி காக்க. ஏறக்குறைய ஆறு வாரஞ் செல்லுமுன் தோட்டை மாற்றற்க. சிவப்புப் பரவினும், சூடும் வீக்கமும் மிகினும், சீழ் வடியினும், காய்ச்சல் காணினும் அன்றே வைத்தியரிடங் காட்டுக. தோட்டைக் கழற்றுவதோ விடுவதோ என்பதை அவரே துணியட்டும். நாமாகக் கழற்றினால் வாய் மூடிச் சீழ் உள்ளே கட்டுதலும் உண்டு. பூசும் மருந்தும் அவர் சொல்லியதே ஆகுக. திருநீற்றைக் குழந்தையின் நெற்றியிலே இடுக. ஆறாத புண்ணிலே இடற்க. இது திருநீற்றை இகழ்ந்து கூறியதன்று. அதனை இடத்தக்க இடத்திலே இட்டுப் பேணுதலேயாம்.

இவற்றைச் செய்தற்குப் பொருட்செலவு மிக இல்லை. நாளொன்றுக்குக் கால்மணிப்பொழுது போதும். பந்தலுக்கும் பந்திக்கும் படம்பிடித்தற்கும் பல நாள் உழைத்த இல்லத்தார் இக்கால்மணிக்கு ஓய்வில்லையென்பாராயின், அக்கிரியை யார்பொருட்டு நடந்ததென்று தம்மைத் தாமே வினாவுக. இரவிலே குழந்தை அழும்போதெல்லாம் எழுபவள் தாயொருத்தியே. மடிகொடுத்த மாமனும், முன்னின்று வரவேற்ற தந்தையும், ஆசீர்வதித்த பாட்டன் பாட்டியும் அக்காவலிலே பங்குகொள்ளல் கடனன்றோ?

ஒரு செய்தியையும் நாம் நேர்மையோடு நோக்கல்வேண்டும். நம் முன்னோர் ஆண்மக்களுக்குங் காது குத்திக் கடுக்கன் இட்டனர். இக்காலத்திலே அது பெரும்பாலும் அருகிற்று, பெண்மக்களுக்கே குத்துகின்றோம். சமஸ்காரம் என்னுங் காரணத்தாற் குத்துகின்றோமாயின், ஆணுக்கு அது வேண்டாவாயது எவ்வாறு? அணியின்பொருட்டுக் குத்துகின்றோமென்று ஒப்புக்கொள்ளுதலே வாய்மை. அணி பாவமன்று. ஆயினும் அணியின்பொருட்டுக் குழந்தையை நோவச்செய்தோம் என்று உணர்ந்தவனே அந்நோவுக்குத் தான் கடன்பட்டமையையும் உணர்வான். பிள்ளை வளர்ந்து தானே விரும்புங்காறும் பொறுத்திருப்போம் என்னும் பெற்றாரும் இக்காலத்தில் உளர். அவரைச் சைவத்தினின்றும் வழுவினார் என்று இகழ்தல் தகாது. குடும்பத்திலே தடித்த தழும்பு உண்டாகும் இயல்புடையோர் வைத்தியரை உசாவியே துணிதல் நன்று. குத்தினும் குத்தாதொழியினும் அப்பிள்ளை சிவனடிமையே.

காதிற்குத் தோட்டினும் சிறந்த அணி ஒன்று உண்டு. கேள்வியினாலே துளைபடாத செவி ஓசையைக் கேட்டுங் கேளாத செவியேயாமென்பது திருவள்ளுவர் கருத்து. அப்பர்சுவாமிகளும் திருவங்கமாலையிலே செவிக்கு அதன் கடனை உணர்த்தியருளினார். திருவைந்தெழுத்தை ஆசாரியர் உபதேசித்தருளுதலும், கோயில்தோறும் கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லுங்கால் நாம் அமுதென நுகர்தலும் இச்செவி வாயிலாகவன்றோ? பொன்னூசி செய்யுந் துளை புறத்தது. அருட்சொல் செய்யுந் துளை அகத்தது. புறத்துளையை இட்ட பெற்றார் அகத்துளைக்கும் வழிசெய்தாலன்றி அவர் கடன் தீராது. அவ்வழி எங்கே தொடங்குகின்றது? ஆறாத காதை ஒற்றித் துடைக்கும் அந்த ஆறு வாரங்களிலேயே தொடங்குகின்றது. நோவோடு அழுங் குழந்தையின் செவியண்டையிலே குனிந்திருக்குந் தாய்தந்தையர் கடுஞ்சொற் கூறாது தேவாரம் ஒன்றை மெல்லப் பாடுவாராயின், புண் ஆறுதலும் பண் கேட்டலும் ஒருங்கே நிகழும்.

ஆதலாற் சைவநன்மக்காள்! காதுகுத்தினை ஒருநாட் கொண்டாட்டமென்று கொள்ளற்க. தோடு மாற்றும் நாளே அக்கிரியையின் நிறைவுநாள் என்று கொள்க. அந்நாளிலே ஆறிய காதோடு குழந்தையைத் திருக்கோயிலுக்குக் கொண்டுசென்று, நும் கடன் தவறாது முடிந்ததென்று சுவாமி திருமுன்னே நின்று சொல்லுக. அங்ஙனஞ் சொல்லவல்லார் குத்துக; மாட்டாதார் பொறுத்திருக்க. இருவர்க்குந் திருவருள் துணைசெய்வதாக.

திருச்சிற்றம்பலம்.