எச்சநூலும் சிக்கனமும்

தறியில் ஏற்றிய பாவின் கடைசிப் பகுதி ஒருபோதும் துணியாவதில்லை; அதை வெட்டியே எடுக்கவேண்டும். அவ்வெச்சத்தை முடிந்து முடிந்து நீளமாக்கி, கால்மிதியும் சட்டி பிடிக்கும் துணியும் நெய்கின்றனர் பெண்கள். நாம் அதனைச் சிக்கனமென்று போற்றுகிறோம்; விலை கேட்கும்போதோ, "கழிவு நூல்தானே" என்கிறோம்! முடிச்சிட்ட விரல்களின் உழைப்பும் கழிவோ?

சிக்கனம் அறமாவது எப்போது? 1927 நவம்பரில் கதர் நிதி திரட்டக் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அன்று கைநூல், மனிதர் விரும்பி ஏற்கும் நோன்பாகப் பேசப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலோ, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, நூலைத் திரியாக்கி ஏற்றிய விளக்கில் நம் மாணவர் படித்தனர். ஒரு துளியும் வீணாகவில்லை. அவர்களைச் சிக்கனமானவர்கள் என்று பாராட்ட நமக்கு நா எழுமா? தடையை விதித்தோருங்கூட அதே சொல்லைச் சொல்லக்கூடும்.