எய்யத் தகும் காலம்

சிலமலை என்னும் ஊரில் நின்று மேற்கே நோக்குபவனுக்குத் தோப்புகளும் தோட்டங்களும் முடிகின்ற இடத்திலேயே செங்குத்தாக எழும் மலைத்தொடரும், அதன் மேல்விளிம்பிலே போடிமெட்டும், அதற்கும் அப்பால் மரநிழலிலே ஏலம் விளைகின்ற மலைகளும் அடுக்கடுக்காகத் தோன்றும். அந்த அடுக்குகளுக்கிடையே, மனிதன் கண்ணில் எளிதில் படாமல், கடமான் என்றும் மிளா என்றும் நம்மவர் வழங்குகின்ற பெரிய மானினம் வாழ்ந்துவருகிறது. வயது முதிர்ந்த கலையோ பெரும்பாலும் தனித்தே திரிவது. பகலெல்லாம் அடர்ந்த சோலையிலே படுத்திருந்து, இருட்டிய பிறகே மேய்ச்சலுக்கும் நீருக்கும் இறங்குவது. காதும் மூக்கும் காட்டுகின்ற எச்சரிக்கையை ஒருபொழுதும் அலட்சியம் செய்யாதது. வெயிலேறும்போது சரிவிலே காற்று மேல்நோக்கி ஏறும், பொழுது சாயும்போது குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். ஆகையால் பகலில் மானுக்கு மேலேயும் மாலையில் அதற்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்பது, துப்பாக்கி தாங்கி இம்மலைகளில் ஏறுவது குற்றமாக இராத காலத்து வேட்டைக்காரனுக்குப் பால பாடம். எங்கே, எதனால் என்பவற்றைக் காட்டிலும் எப்போது என்பதே வேட்டையின் உயிர்நிலை என்று அவன் அறிந்திருந்தான். அந்த ‘எப்போது’ வெறும் சாமர்த்தியத்தைச் சேர்ந்த கேள்விதானா, அல்லது தர்மத்தையும் சேர்ந்த கேள்வியா என்பதே இங்கே நான் ஆராய விரும்புவது.

இக்கேள்வி இன்றைக்கும் உயிரோடிருக்கின்ற தேசம் அமெரிக்கா. அங்கே வெள்ளைவால் மான் என்றொரு இனம் உண்டு. அதன் கலைகளிலே ஐந்து வயதைக் கடந்தது, நம் கடமானைப் போலவே, இரவையே தன் பகலாக்கிக்கொண்டு மனித வாடை பட்ட வழியை விட்டு விலகிவிடும். அதைக் கொள்ள விரும்பும் வேட்டைக்காரன் முதலில் கற்பது எய்வதை அன்று, எய்யாதிருப்பதை. இளங்கலைகள் எதிரே வந்து நின்றாலும் விட்டுவிடுகிறான்; காற்று பிழையாக வீசினால் தான் தேர்ந்துவைத்த இடத்துக்குப் போகாமலே வீட்டில் இருந்துவிடுகிறான்; மாதக்கணக்காகக் காட்டின் அந்தப் பகுதியிலே அடி வைப்பதில்லை. இத்தனையும் எதற்காகவென்றால், நவம்பர் மாதத்தில், பிணைகள் பருவமெய்துகின்ற அந்தச் சில நாட்களில், ஆண்டு முழுதும் எச்சரிக்கையே வடிவாக இருந்த கலை பசியையும் பயத்தையும் மறந்து பட்டப்பகலிலே வெளிப்படும் என்பதற்காக. மிச்சிகன் மாநிலத்திலே துப்பாக்கி வேட்டைக்குரிய பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை என்று வகுத்திருப்பதும் ஏறத்தாழ அந்நாட்களையே தழுவி நிற்கிறது. இந்தப் பொறுமையைத் தவத்துக்கு ஒப்பிடலாமென்று கூறுவோரும் இருப்பர். புலனடக்கம், ஏகாந்தம், மௌனம், காத்திருத்தல் என்னும் அங்கங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தால் அவர் சொல்வதில் பிழையில்லை என்றே தோன்றும். தவத்தின் பயன் யாது என்று வினவும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

இந்தச் சங்கடத்தை மகாபாரதம் ஆதிபர்வத்திலேயே எடுத்து நம்முன் வைத்துவிட்டது. வனத்திலே வேட்டையாடிய பாண்டு மகாராஜன், பிணையோடு கூடியிருந்த கலையொன்றைக் கண்டு, ஐந்து அம்புகளால் இரண்டையும் வீழ்த்தினான். வீழ்ந்த கலை மனிதக் குரலிலே பேசிற்று, ஏனெனில் அது கிந்தமர் என்னும் முனிவர், மனிதரிடையே நாணி மான் வடிவம் பூண்டு தம் மனைவியோடு இருந்தவர். இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் சாபத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சாபத்துக்கு முன் நிகழ்ந்த வாதத்தையோ கவனிப்பதில்லை. பாண்டு தன்னை நிரபராதி என்றே கருதினான். அரசர்கள் மானைக் கொல்வது பகைவரைக் கொல்வதைப் போன்றது, வெளிப்படையாகவும் மறைந்திருந்தும் கொல்லலாம், அகஸ்தியரே தம் வேள்விக்காக மிருகங்களை வேட்டையாடித் தேவர்களுக்கு அர்ப்பணித்தார் என்று பிரமாணம் காட்டினான். அதற்கு முனிவர் கூறிய விடை ஆச்சரியமானது. மானைக் கொன்றாய் என்று நான் உன்னைக் குறை கூறவில்லை. நான் இன்பத்திலிருந்து விலகும் வரையில் நீ காத்திருக்கவில்லை என்பதே குற்றம் என்றார். கொலை என்னும் செயலை அவர் அரசனுக்கு விட்டுக்கொடுத்தார், காலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முனிவர் என்று அறியாமல் எய்ததால் பிரம்மஹத்தி உன்னைச் சாராது என்றும் அவரே தீர்ப்புச் சொன்னார். ஆகவே பாண்டுவின்மீது எஞ்சி நின்ற குற்றம் ஒன்றே ஒன்று. அது அகாலத்தில் எய்தது. சாபமும் அதற்கேற்பக் காலத்தையே பற்றிக்கொண்டது: அவனும் கூடும் வேளையிலே மாள்வான் என்றாயிற்று, வசந்த காலத்து வனத்திலே தன் மனைவி மாத்ரியை அணுகியபோது அவ்வாறே மாண்டான்.

இப்போது இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. அமெரிக்க வேட்டைக்காரனுடைய சாஸ்திரம் எந்தக் காலத்தை உத்தமமென்று தேர்ந்தெடுக்கிறதோ, அந்தக் காலத்தையே கிந்தமர் விலக்கினார். ஒருவனுக்குக் கதவு திறக்கும் வேளை மற்றவருக்குக் கதவு சாத்த வேண்டிய வேளை.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. மானுக்கு மரணம் எப்போது வந்தாலும் வேதனை ஒன்றுதான். மயக்கத்திலே சாவது அச்சத்திலே சாவதினும் சிறந்ததன்றோ. முனிவருடைய நாணத்தையும் தாபத்தையும் மிருகத்தின்மீது ஏற்றிப் பேசுவது கவிகளுக்கு அழகாயிருக்கலாம், தர்ம விசாரத்துக்கு ஆகாது என்பர். வேதனை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் இந்த ஆட்சேபத்துக்கு விடையில்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொல்கின்றவன் எதைக் கருவியாகக் கொள்கிறான் என்பதும் தர்மத்தின் கணக்கிலே சேர வேண்டியதே. மேய்கின்ற மானை எய்பவன் தன் கண்ணையும் கையையும் கொண்டு அதன் எச்சரிக்கையை வெல்கிறான். அவ்வெற்றி நல்லதோ தீயதோ, அவனுடையதாகவாவது இருக்கிறது. பருவத்திலே மயங்கி வருகின்ற கலையை எய்பவனோ, அம்மிருகத்துக்கு வாழ்வின்மேலுள்ள ஆசையையே அதற்குச் சத்துருவாக்கி, தன் இனம் தழைக்க வேண்டுமென்று அதனுள்ளே இயற்கை மூட்டிய தீயிலே குளிர்காய்கிறான். வேதனையின் அளவு மாறாவிட்டாலும் செயலின் குணம் மாறிவிடுகிறது. பகைவரிடத்தும் அவர் ஆயத்தமில்லாத வேளையிலே அம்பு தொடுப்பதில்லை என்று கிந்தமர் பாண்டுவுக்கு நினைவூட்டியதன் கருத்தும் இதுவே.

காளிதாசன் இதை இன்னும் நுட்பமாகக் கண்டவன். ரகுவம்சத்து ஒன்பதாம் சர்க்கத்திலே தசரதன் ஒரு மானைக் குறிவைத்துக் காதுவரை நாணை இழுத்துவிடுகிறான். அதன் துணையோ ஓடிவந்து தன் உடலை இடையிலே மறைப்பாக நிறுத்துகிறது. காதல் இன்னதென்று தானும் அறிந்தவனாகையால் அரசன் மனம் இளகி, பூட்டிய அம்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். அதே சர்க்கத்தின் இறுதியிலே அதே தசரதன், நீர்நிலையிலே குடம் நிறையும் ஒலியை யானையின் ஒலியென்று மயங்கி, காணாத இலக்கின்மீது அம்பெய்து, குருட்டுப் பெற்றோரின் ஒரே மகனைக் கொன்றுவிடுகிறான். போர்க்களத்துக்கு வெளியே யானையைக் கொல்வது அரசனுக்கு விலக்கப்பட்டதென்று கவி அங்கே குறிப்பாகச் சொல்லிவைக்கிறான். கருணை இல்லாத மனிதனுக்கு நேர்ந்த விபத்தன்று இது. கருணை உள்ளவனே, கண்ணுக்குத் தெரிந்தபோது நிறுத்தியவனே, தெரியாதபோது நிறுத்தவில்லை. வேட்டைக்காரனுடைய இரக்கம் அவன் பார்வையைத் தாண்டிச் செல்வதில்லை என்று இதிலிருந்து பெறப்படுகிறது. ஆகவே அந்தந்த வேளையிலே மனம் இளகும் என்று நம்பிக் காட்டுக்குள் நுழைவது போதாது, காலத்தை முன்கூட்டியே விதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அப்படி விதித்தவன் அசோகன். பட்டாபிஷேகத்துக்குப் பின் 26 ஆண்டுகள் கழித்துப் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்திலே, சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும் ஆடுகளையும் பன்றிகளையும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும் கொல்லலாகாது என்றும், குறித்த பௌர்ணமி முதலிய நாட்களிலே மீன்களைக் கொல்லலாகாது என்றும், யானைக் காடுகளிலும் செம்படவர்க்குரிய நீர்நிலைகளிலும் அந்நாட்களில் மற்றைப் பிராணிகளையும் கொல்லலாகாது என்றும் கட்டளையிட்டான். முற்றிலும் கொல்லாமையை நாட்டின்மேல் சுமத்த அவனாலும் இயலவில்லை. இயன்ற மட்டும் காலத்தைக் கட்டினான். திருவள்ளுவரோ கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் அறத்துப்பாலின் துறவறவியலிலே வைத்து, காலமறிதலைப் பொருட்பாலின் அரசியலிலே வைத்தார். காலம் பார்த்துச் செய்தல் வினையை முடிக்கும் திறமே ஒழிய வினையைத் தூய்மை செய்யும் மருந்தன்று என்று அந்த வைப்புமுறையைக் கொண்டு வாதிக்கலாம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். கிந்தமருடைய வழக்கை ஆராய்ந்த பிறகு, பொருட்பாலுக்குரிய காலம் ஒன்று, அறத்துப்பாலுக்குரிய காலம் ஒன்று என்று இரண்டு காலங்கள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. முன்னது செய்பவனுக்கு வாய்க்கும் காலம். பின்னது செய்யப்படுபவனைக் கருதிய காலம்.

மூத்த கலையையே தேர்ந்து கொல்வது நியாயமென்னும் கூற்றையும் இவ்விடத்தில் பார்த்துவிட வேண்டும். ஆங்கிலேயர் காலத்திலே நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டைக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, விலங்குகளைச் சுடலாகாத பருவம் வகுக்கப்பட்டது. வரையாட்டிலே முதுகு வெளுத்த மூத்த கடாக்களையே சுடலாம், பெட்டைகளையும் இளையனவற்றையும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் வழங்கிவந்தது. அக்கட்டுப்பாட்டினாலே வரையாடு பிழைத்ததென்பதை மறுக்க முடியாது. ஆயினும் மூத்தது தன் கடமையை முடித்துவிட்டது, சந்ததியை விட்டுவிட்டது, இனி அதனால் ஆவதென்ன என்று காட்டப்படும் காரணம் எனக்கு உவப்பாயில்லை. அதே நியாயத்தை நம் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம் ஓதிப் பார்த்தால் அதன் லட்சணம் விளங்கும். அமெரிக்கர் வேறொரு காரணமும் கூறுவர்: ஓநாயும் மலைச்சிங்கமும் அற்றுப்போன பிரதேசங்களிலே மான்கள் பெருகிப் பயிரையும் காட்டையும் அழிக்கின்றன, ஆகையால் வேட்டை அவசியம் என்பது. உண்மையே, ஆனால் தொகையைக் குறைப்பதற்குப் பிணைகளைக் குறைக்க வேண்டுமே தவிர, முதிர்ந்த கலையொன்றைத் தேடி ஆண்டு முழுதும் காத்திருப்பதால் ஒன்றும் குறைவதில்லை.

கிந்தமர் சொன்னபடி கூடற்பருவம் கழியும் வரையில் காத்திருந்தால் என்ன நேரும்? பருவத்தின் அலைச்சலிலே உடல் மெலிந்து கலை எலும்புந் தோலுமாக நிற்கும். அதன்பின் குளிர்காலத்திலே கொம்பும் உதிர்ந்துபோம். அப்போது அதை எய்ய வேண்டுமென்று யாரும் பனியிலே விடியற்காலத்தில் எழுந்து போவதில்லை. தர்மம் ஒருவாறு இடங்கொடுக்கின்ற காலத்திலே அந்தக் கலையிடம் வேண்டுவது ஒன்றுமில்லை. வேண்டுவது இருக்கின்ற காலத்திலோ தர்மம் இடங்கொடுப்பதில்லை. சுவரிலே மாட்டுதற்குரிய கொம்புக்காகத்தான் அத்தனை பொறுமையும் என்பது இந்த ஒரு சோதனையிலே வெளியாகிவிடுகிறது.

நம் தேசத்திலே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமச்சீட்டுக்கும் பருவத்துக்கும் இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் நீக்கிவிட, எப்போது என்னும் வினாவே எழாதபடி ஆயிற்று. கடமானைப் பொறுத்தவரையில் நான் அதற்கு மகிழ்கிறேன். புலியும் செந்நாயும் இருக்கின்ற மலையிலே துப்பாக்கிக்கு வேலையில்லை. ஆனால் அடிவாரத்து நிலங்களிலே வினா வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. நிலக்கடலையையும் கிழங்கையும் ஓரிரவிலே உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிகளின் பொருட்டு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டிலே விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியிலே தமிழக அரசு அறிவித்தது. பயிரிட்டவனுடைய துயரம் மெய்யானது. அவனை அமெரிக்கக் கொம்பு வேட்டைக்காரனோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். எனினும் இந்த எல்லைக்கோடுகளெல்லாம் எங்கே என்பதையே சொல்கின்றன. குட்டிகளைப் பின்னே இழுத்துக்கொண்டு வருகின்ற தாய்ப்பன்றி 3 கிலோமீட்டர்க் கோட்டுக்கு அப்பால் நின்றால் அவ்வேளையிலே சுடலாமா, குட்டிகள் தாமே மேயப் பழகும் வரையில் பொறுத்துச் சுடலாமா என்பதையும் விதிக்குள்ளே எழுதிவைத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அசோகன் ஆறு மாதம் என்று கணக்கிட்டே எழுதிவைத்தான். நம் அதிகாரிகளுக்கு அது எட்டாத காரியமன்று.